மொட்டை மாடிக்கு முன்னால் மாடிப்படி விளக்கு

(நமது சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் மின்சாரச் சிக்கனத் துணைக்குழுவின் சார்பில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத பல குடும்பத்தினர் கேட்டுக்கொண்டதால் இங்கே முழுமையாக வெளியிடுகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமைக் காலையை விட்டுக்கொடுத்து வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதச் சிறப்புப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் உங்கள் முன் வரப்போகிறது. நம் மொட்டை மாடியில் சூரிய மின் தகடுகள் வைக்கலாமா, அதற்குக் கார்பஸ் நிதியிலிருந்து பணம் எடுக்கலாமா என்பதுதான் அது. வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக இதே பேச்சு. "ஊரெல்லாம் போட்டாச்சு, நாம் மட்டும் ஏன் இன்னும் யோசிக்கிறோம்?" என்று சிலர். "லிப்ட் மாற்ற வைத்திருக்கும் பணத்தை எடுத்து மாடியில் வெயில் காயப் போடுவதா?" என்று சிலர்.

இரண்டு கேள்வியும் நியாயமானவை. நம் லிப்ட் 2009-இல் போட்டது. ஐந்தாவது மாடியில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பணம் அவர்கள் கால்களுக்காகச் சேர்த்த பணம். அதே சமயம், மாதாமாதம் பொது மின் கட்டணத்துக்குப் போகும் பணம் எங்கும் சேராமல் போய்க்கொண்டே இருக்கும் பணம். அடுத்த மாதம் நீங்கள் கை தூக்குவதற்கு முன், எல்லோரும் ஒரே கணக்கைப் பார்த்துவிட்டுத் தூக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு.

பொது மீட்டர் யாருடையது?

உங்கள் வீட்டு மீட்டரைப் பற்றி உங்களுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு வரை இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் குறைந்த விலைப் படி ஒன்று கைவிட்டுப் போகும். அதனால் 480-இல் இருக்கும்போதே வீட்டில் ஏ.சி.யை அணைக்கச் சொல்லிக் குரல் கேட்கும்.

பொது மீட்டருக்கு அப்படிக் குரல் கொடுக்க ஆள் இல்லை. மாடிப்படி விளக்கு, பார்க்கிங் விளக்கு, லிப்ட், போர்வெல் மோட்டார், சம்ப் மோட்டார், கழிவுநீர் சுத்திகரிப்பு எல்லாம் அந்த ஒரே மீட்டரில்தான் ஓடுகின்றன. 2022 செப்டம்பரில் கட்டணத்தை மாற்றியபோது, அடுக்ககங்களின் பொது இணைப்பைத் தனி வகையாக்கி யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தார்கள். 2023-இல் சலுகை வந்தது. ஆனால் அது பத்து வீடுகளுக்குள், மூன்று மாடிக்குள், லிப்ட் இல்லாத சிறு குடியிருப்புகளுக்குத்தான். நமக்கு 60 வீடு, ஐந்து மாடி, இரண்டு லிப்ட். 8 ரூபாய் என்பதும் அதன் பிறகு சிறிது சிறிதாக ஏறித்தான் இருக்கிறது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இன்று 8 ரூபாயாகவே வைத்துக்கொள்கிறேன். உண்மையான மிச்சம் இதைவிடச் சற்றுக் கூடுமே தவிரக் குறையாது.

பொது மீட்டரில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 175 யூனிட் ஓடுகிறது. துணைக்குழு ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பார்த்துப் பிரித்ததில், விளக்குகளுக்கு 90, தண்ணீர் மோட்டார்களுக்கு 30, கழிவுநீர் சுத்திகரிப்புக்கு 25, லிப்டுக்கு 20, மற்றவைக்கு 10. இரண்டு மாதத்துக்கு 10,500 யூனிட். நிலைக் கட்டணம் தவிர்த்து 84,000 ரூபாய். வீட்டுக்கு 1,400 ரூபாய்.

லிப்ட்தான் அதிகம் இழுக்கும் என்று நம்மில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதிக்கு மேல் இழுப்பது விளக்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

ஓர் ஊராட்சி காற்றாலை வாங்கிய கதை

இப்படிக் கூட்டம் போட்டு மின்சாரத்தைப் பற்றிப் பேசுவது புதிது இல்லை. கோவை மாவட்டத்தில், மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை என்று ஓர் ஊராட்சி. ஊட்டி மலையடிவாரம். 1996 முதல் பத்து ஆண்டு ஆர். சண்முகம் என்பவர் அங்கே தலைவராக இருந்தார். குடிநீர்த் திட்டமும் தெருவிளக்கும் வீடுகளும் பெருகப் பெருக, ஊராட்சியின் மின் கட்டணமும் பல மடங்கு பெருகியது. நம் பொது மீட்டர் கதைதான். அளவு மட்டும் பெரியது.

அவர்கள் முதலில் சின்னதாகத் தொடங்கினார்கள். சில தெருவிளக்குகளைச் சூரிய விளக்குகளாக மாற்றினார்கள். பிறகு, குடிநீர் மோட்டாரை ஓட்ட, மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் சிறு இயந்திரம் ஒன்றை வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் 2006-இல், உடுமலைப்பேட்டைக்கு அருகில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கியது. விலை 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சி சேமித்து வைத்திருந்தது. மீதி 1.15 கோடி வங்கிக் கடன்.

காற்றாலை ஊருக்குள் இல்லை. காற்று வீசும் இடத்தில் இருக்கிறது. அது மின்வாரியக் கம்பியில் மின்சாரத்தைச் செலுத்தும். ஊராட்சி தன் ஊரில் கம்பியிலிருந்து எடுத்துக்கொள்ளும். இரண்டையும் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 7 லட்சம் யூனிட் கிடைத்தது. ஊராட்சியின் தேவை சுமார் நாலரை லட்சம். மீதியை மின்வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்தைக் கொண்டே கடனை அடைத்தார்கள்.

இந்தக் கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது காற்றாலையை அல்ல. மூன்று விஷயம். ஒன்று, சிறியதில் தொடங்கிப் பெரியதுக்குப் போனார்கள். இரண்டு, கையிருப்பு முழுவதையும் வழித்து எடுக்கவில்லை. மூன்று, வாங்கிய பொருளே தன் கடனை அடைக்கும்படி திட்டம் போட்டார்கள். ஊர் மக்கள் மீது புது வரி விழவில்லை.

இன்னொரு ஊர். ஜெர்மனியில் கருங்காடு மலைப்பகுதியில் ஷோனாவ் என்ற சிற்றூர். மக்கள்தொகை ஏறத்தாழ 2,500. 1986-இல் செர்னோபில் அணு உலை விபத்து நடந்தபோது, அங்கிருந்த பெற்றோர்கள் சிலர் பிள்ளைகளின் உடல்நலத்தை நினைத்துக் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். அணு மின்சாரம் வேண்டாம் என்றால் நாம் என்ன செய்ய முடியும்? அவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று ஊருக்குள் மின்சாரச் சிக்கனப் போட்டி நடத்தியது! போன வருடத்தைவிட எந்த வீடு அதிகமாகக் குறைத்திருக்கிறது என்று பார்த்துப் பரிசு கொடுத்தார்கள்.

ஊருக்கு மின்சாரம் கொடுத்துவந்த நிறுவனம் இவர்களின் யோசனைகளுக்கு இணங்கவில்லை. அப்படியானால் மின் கம்பிகளையே நாம் வாங்கிக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். 1991-இலும் 1996-இலும் ஊர் முழுவதும் வாக்கெடுப்பு. இரண்டு முறையும் ஜெயித்தார்கள்; ஆனால் இரண்டாவது முறை மிகச் சிறிய வித்தியாசத்தில்தான். 1997 ஜூலை முதல் ஊரின் மின் வலையமைப்பு ஊர் மக்களின் நிறுவனத்திடம் வந்தது. அந்த முயற்சியை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான உர்சுலா ஸ்லாடெக், பள்ளி ஆசிரியைக்குப் படித்து, ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். 2011-இல் அவருக்குக் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

இங்கே கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் சிக்கனம், பிறகு உற்பத்தி. அந்த வரிசை ஏன் முக்கியம் என்பதை நம் மாடிப்படி விளக்கைக் கொண்டே காட்டுகிறேன்.

150 குழல் விளக்குகளின் கணக்கு

பார்க்கிங், மாடிப்படி, வராந்தா எல்லாம் சேர்த்து நம்மிடம் 150 பழைய குழல் விளக்குகள் இருக்கின்றன. விளக்கு 40 வாட். சோக் இழுப்பதையும் சேர்த்தால் 50 வாட். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை 12 மணி நேரம். ஒரு நாளைக்கு 90 யூனிட். அதே வெளிச்சத்துக்கு எல்.இ.டி. குழல் விளக்கு 18 வாட் போதும். அப்போது ஒரு நாளைக்கு 32 யூனிட்தான். மிச்சம் 58 யூனிட்.

இந்த 58 யூனிட்டைச் சூரியனிடமிருந்து எடுக்க வேண்டுமானால் என்ன ஆகும்? நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு, மழை நாள், மேக நாள் எல்லாம் சேர்த்துச் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். ஆக 14.5 கிலோவாட் தகடுகள் வேண்டும். உயரமான இரும்புச் சட்டத்தோடு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 8,70,000 ரூபாய். 150 எல்.இ.டி. விளக்குகளுக்கு, மாட்டும் கூலியோடு ஒன்றுக்கு 300 ரூபாய் வைத்தாலும் 45,000 ரூபாய்.

ஒரே 58 யூனிட். ஒன்றுக்கு விலை எட்டே முக்கால் லட்சம். இன்னொன்றுக்கு அரை லட்சம்கூட இல்லை. விளக்கை மாற்றாமல் தகடு வைப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்ப இரண்டாவது குழாய் போடுவது மாதிரி.

விளக்கை மாற்றிய நாளிலிருந்து தினம் 464 ரூபாய் மிச்சம். நூறு நாளுக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,70,000 ரூபாய் நம் கையில். பார்க்கிங்கில் ஆள் நடமாட்டம் பார்த்து எரியும் சென்சார் விளக்குகளைப் பாதி இடத்தில் வைத்தால் இன்னும் குறையும். ஆனால் படிக்கட்டிலும் லிப்ட் வாசலிலும் சென்சார் வேண்டாம் என்று துணைக்குழு ஒரு மனதாகச் சொல்கிறது. வயதானவர்கள் இருட்டில் ஒரு படி தடுக்கினால், எந்த மிச்சமும் அதற்கு ஈடாகாது.

தண்ணீரும் மின்சாரம்தான்

தண்ணீரை யாரும் மின்சாரக் கணக்கில் சேர்ப்பதில்லை. நம் போர்வெல்லில் 300 அடியிலிருந்து தண்ணீர் ஏறி சம்ப்புக்கு வருகிறது. சம்ப்பிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு இன்னொரு ஏற்றம். மோட்டாரின் இழப்பையும் சேர்த்து, 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ முக்கால் யூனிட் செலவாகிறது. ஆக ஒழுகும் குழாய் என்பது ஒழுகும் மீட்டர்.

குழாய் சொட்டினால் கண்ணில் படும். பிளஷ் தொட்டி ஒழுகினால் தெரியாது. சத்தமே இல்லாமல் நாளெல்லாம் போய்க்கொண்டிருக்கும். இன்று மாலையே ஒரு சோதனை செய்து பாருங்கள். பிளஷ் தொட்டியில் ஒரு ஸ்பூன் மஞ்சள் தூளைப் போட்டு, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விடுங்கள். கீழே கோப்பையில் மஞ்சள் தெரிந்தால் உள்ளே வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். மாற்றுவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. 20 வீடுகளில் தலா 200 லிட்டர் இப்படிப் போனால், நாளைக்கு 4,000 லிட்டர் தண்ணீர், 3 யூனிட் மின்சாரம். கோடையில் டேங்கர் லாரிக்குக் கொடுக்கும் காசு தனி.

இன்னொன்று, மோட்டார் ஓடும் நேரம். இப்போது நம் வாட்ச்மேன் அண்ணன் காலை ஐந்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் போடுகிறார். சாயங்காலம் ஊரே விளக்குப் போடும் நேரம். வெயிலும் இருக்காது, மின்வாரியத்துக்கு நெருக்கடியான நேரம். நாளை தகடு வைத்தால், காலை பத்து முதல் மதியம் மூன்றுக்குள் மோட்டாரை ஓட்டி முடிப்பது நல்லது. நம் மாடியில் விளைந்த மின்சாரத்தை நாமே அந்த இடத்திலேயே பயன்படுத்திவிடலாம். மேல்நிலைத் தொட்டிதான் நம்மிடம் இருக்கும் மிக மலிவான பேட்டரி.

இனி மொட்டை மாடி

விளக்கை மாற்றிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பொது மீட்டர் 175-இலிருந்து 117 யூனிட்டுக்கு இறங்கிவிடும். இப்போது 20 கிலோவாட் தகடு வைத்தால் நாளைக்கு 80 யூனிட் வரும். மீதி 37 யூனிட்டுக்குத்தான் நாம் பணம் கட்ட வேண்டியிருக்கும். இரண்டு மாதக் கட்டணம் 84,000 ரூபாயிலிருந்து 18,000 ரூபாய்க்குள் வரும். நிலைக் கட்டணமும் மின்வாரியம் சூரிய மின்சாரத்துக்கு விதிக்கும் கட்டணமும் தனி.

செலவு? 20 கிலோவாட்டுக்கு 12 லட்சம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில், குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்கு வைக்கும் தகடுகளுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. வீட்டுக்கு 3 கிலோவாட் என்ற கணக்கில் மொத்தம் 500 கிலோவாட் வரை அனுமதிக்கிறார்கள். நமக்கு 3,60,000 ரூபாய் வரும். ஆனால் தகடு வைத்து, மின்வாரியம் பார்த்து, மீட்டர் பொருத்திய பிறகுதான் மானியம் கைக்கு வரும். முதலில் முழுத் தொகையும் நாம் புரட்ட வேண்டும். மானியம் போக நிகரச் செலவு 8,40,000. ஆண்டுக்கு மிச்சம் ஏறத்தாழ 2,33,000. கழுவும் கூலி, சின்னச் சின்னப் பழுது எல்லாம் சேர்த்தால் நாலு முதல் ஐந்து ஆண்டில் போட்டது திரும்பும். தகடுகளுக்கு வழக்கமாக 25 ஆண்டு உற்பத்தி உத்தரவாதம் தருகிறார்கள். இன்வெர்ட்டரை நடுவில் ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பனையாளர்கள் வந்து பேசும்போது நல்லதை மட்டும் சொல்வார்கள். ஆகவே மற்றதை நான் சொல்லிவிடுகிறேன்.

கரண்ட் போனால் இந்தத் தகடுகளும் நின்றுவிடும். கொளுத்தும் வெயிலாக இருந்தாலும் நிற்கும். மின்வாரியக் கம்பியோடு இணைந்த இன்வெர்ட்டரை அப்படித்தான் அமைப்பார்கள். கம்பம் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மீது நம் மாடி மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக அந்தப் பாதுகாப்பு. எனவே ஜெனரேட்டர் தேவை குறையாது. ஒரு லிட்டர் டீசலுக்கு 3 யூனிட் அளவுக்குத்தான் கிடைக்கிறது. யூனிட் 30 ரூபாயைத் தொடுகிறது. கரண்ட் போன நேரத்தில் பார்க்கிங் முழுவதும் விளக்கு எரிய வேண்டியதில்லை என்று முடிவு செய்தால் அதுவே பெரிய மிச்சம்.

நிழல் விழுந்தால் உற்பத்தி விழும். தெற்குப் பக்கத்து மனை காலியாக இருக்கிறது. நாளை அங்கே ஆறு மாடி எழும்பலாம். ஆகையால் தகடுகள் வடக்குக் கட்டடத்தின் மேல்தான் வர வேண்டும். மேல்நிலைத் தொட்டியின் நிழலையும் தவிர்க்க வேண்டும். 20 கிலோவாட்டுக்கு சுமார் 2,000 சதுர அடி தேவை. இடம் இருக்கிறது.

காற்று. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையை என்ன செய்தது என்பது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். இரும்புச் சட்டம் புயல் காற்றைத் தாங்கும் என்று கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் ஒரு போல்ட்கூட மாட்டக் கூடாது.

மேல்மாடிக் குடும்பங்களுக்கு

ஐந்தாவது மாடியில் இருப்பவர்களிடம் தனியாகச் சில வார்த்தை. பலன் 60 வீட்டுக்கும். தொல்லை என்றால் உங்கள் கூரைக்கு. உங்கள் தயக்கத்தை யாரும் சுயநலம் என்று சொல்லக் கூடாது.

டென்மார்க்கில் சாம்சோ என்ற தீவு, 1997-இல் தன் மின்சாரத்தைத் தானே எடுப்பது என்று முடிவு செய்தது. அங்கே நிலத்தில் நிறுவிய 11 காற்றாலைகளில் இரண்டைச் சுமார் 450 பேர் பங்குபோட்டு வாங்கினார்கள். மற்றவை அந்த ஊர் விவசாயிகளுடையவை. இரைச்சலும் சுழலும் இறக்கையின் நிழலும் யாருக்கோ, லாபம் வேறு யாருக்கோ என்றால் சண்டைதான் மிஞ்சும். தொல்லையைப் பார்ப்பவனுக்குப் பங்கும் இருந்தால், அது "நம்முடையது" ஆகிவிடுகிறது.

இதன்படி துணைக்குழு மூன்று நிபந்தனைகளைத் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்கிறது. முதலாவது, தகடு வைக்கும் முன் அந்தப் பகுதி முழுவதும் நீர்க்கசிவுத் தடுப்பு வேலை, செலவு சங்கத்துடையது. தளத்தைத் துளைக்காமல் சிமென்ட் பீடங்கள் மீது சட்டம் நிற்கும். இரண்டாவது, அதற்குப் பிறகு அந்தக் கூரையில் ஒழுகல் வந்தால், காரணம் எதுவென்று வாதாடாமல் சங்கமே சரிசெய்யும். மூன்றாவது, சட்டம் எட்டடி உயரம். அடியில் துணி காயப்போடலாம், வடகம் பிழியலாம், பிள்ளைகள் விளையாடலாம். தகட்டின் நிழல் விழுவதால் அதற்குக் கீழே இருக்கும் வீட்டுக்குக் கோடையில் சூடு குறையும். தகடு வராத மீதி மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்போம். அந்தப் பலன் முதலில் சேருவது உங்களுக்குத்தான்.

வீட்டுக்குள்ளே

பொது மீட்டரைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனால் பாதி வேலைதான். உங்கள் வீட்டுச் சீலிங் ஃபேன் பழையதாக இருந்தால் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. வகை ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால், ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். நாலு ஃபேன் என்றால் 130 யூனிட். 500-ஐத் தொட்டும் தொடாமலும் இருக்கும் வீட்டுக்கு இது பெரிய விஷயம். ஏ.சி.யை 24-இல் வையுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீதம் குறைகிறது என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 2020 முதல் விற்கும் ஏ.சி.கள் 24-இல்தான் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

சேர்ந்து வாங்கினால் விலை குறையும். எல்.இ.டி. பல்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 தொடக்கத்தில் அரசு மொத்தமாக வாங்கிய விலை ஒன்றுக்கு 310 ரூபாய். 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் கோடிக்கணக்கில் வாங்க வாங்க, 2016-இல் 40 ரூபாய்க்கும் கீழே வந்தது. நாம் கோடியில் வாங்க முடியாது. ஆனால் 60 வீட்டுக்கு 200 ஃபேன் என்று கேட்டால் கடைக்காரர் உட்கார்ந்து பேசுவார். தேவைப்படுவோர் பெயர் கொடுங்கள். வாடகைக்கு இருப்பவர்களும் கொடுக்கலாம்; வீடு மாறும்போது ஃபேனைக் கழற்றி எடுத்துப் போகலாம்.

உங்கள் முன் வரும் தீர்மானம்

துணைக்குழு கேட்பது இதுதான். தீர்மானத்தை ஒன்றாக வைக்காமல் இரண்டாகப் பிரிப்போம்.

முதல் கட்டம், உடனே. 150 விளக்குகளை மாற்றுவது, மஞ்சள் தூள் சோதனையை 60 வீட்டிலும் செய்து முடிப்பது, மோட்டார் நேரத்தை மாற்றுவது. செலவு அரை லட்சத்துக்குள். மிச்சமாகும் பணம் பொதுச் செலவில் கரைந்துவிடாமல், "மின்சார நிதி" என்று தனிக் கணக்கில் சேர வேண்டும். ஒவ்வொரு மின் கட்டண ரசீதும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். போன வருடம் இதே இரண்டு மாதத்தில் எவ்வளவு என்பதும் பக்கத்திலேயே இருக்கும். நான் சொன்ன கணக்கு சரியா தவறா என்று நீங்களே பார்க்கலாம்.

இரண்டாவது கட்டம், மூன்று ரசீது வந்த பிறகு. அதற்குள் மூன்று நிறுவனங்களிடம் விலைப்புள்ளி வாங்கிவிடுவோம். பொது இணைப்புக்கு மின்வாரியம் எந்த முறையில் கழித்துக்கொள்ளும், என்ன கட்டணம் விதிக்கும் என்று பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு வாங்கிவிடுவோம். கார்பஸ் நிதியிலிருந்து எடுப்பது கடன், தானம் அல்ல. லிப்டுக்கு என்று மதிப்பிட்ட தொகை தொடாமல் தனியே நிற்க வேண்டும். அதற்கு மேல் இருப்பதிலிருந்துதான் எடுக்கலாம்; போதாததற்கு வங்கிக் கடன். விளக்கு மிச்சமும் தகடு மிச்சமும் சேர்ந்தால் ஆண்டுக்கு நாலு லட்சம். அதைக் கொண்டு மூன்று ஆண்டுக்குள் கடனை அடைத்துவிடலாம். அதுவரை மெயின்டனன்ஸ் தொகை குறையாது. ஆனால் இதற்காக யாரிடமும் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கேட்க மாட்டோம். ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துபவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

முதல் கட்டத்துக்கு ஆதரவு தந்துவிட்டு இரண்டாவதை எதிர்ப்பவர்கள் இருக்கலாம். அது அவர்கள் உரிமை. ஷோனாவ் ஊரிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் எதிர்த்துத்தான் வாக்களித்தார்கள். பிறகு எல்லோரும் அதே ஊரில்தான் வாழ்ந்தார்கள். நாமும் அதே லிப்டில்தான் ஏறி இறங்கப்போகிறோம். கேள்வி இருப்பவர்கள் வாட்ஸ்அப்பில் சண்டை போடாமல், சனிக்கிழமை மாலை ஆறு முதல் ஏழு வரை சங்க அறைக்கு வாருங்கள். ரசீதுகளும் சர்க்யூட் வாரியான பட்டியலும் மேசை மீது இருக்கும். நீங்களே கூட்டிக் கழித்துப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை. இன்று வீட்டுக்குப் போனதும் மஞ்சள் தூள் சோதனையைச் செய்துவிட்டு, உங்கள் வீட்டு எண்ணோடு "ஒழுகுகிறது" அல்லது "இல்லை" என்று அலுவலகத்தில் இருக்கும் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். அடுத்த கூட்டத்துக்குள் 60 வரியும் நிரம்பியிருக்க வேண்டும்.